மரியாதை தெரிந்த மொட்டைக் கடிதம்

அத்தியாயம் ஐந்து

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பெண் அழவில்லை. அழுதிருந்தால் குஞ்சித்தம்பி வழக்கம்போலத் தேத்தண்ணி போட எழுந்து போயிருப்பார். அவள் ஒரு கடித உறையை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இதை எழுதினது ஆர் எண்டு சனிக்கிழமைக்கு முதல் கண்டுபிடிக்கோணும். இல்லாட்டி என்ர என்கேஜ்மென்ற் கான்சல்."

வோபர்னில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையில் பதினொரு ஆண்டுகளாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள் கோபிகா. ரொறன்ரோவின் மற்றத் துப்பறிவாளர்கள் திருடர்களைத் தேடுகிறார்கள். கோபிகா தேடுவது மாப்பிள்ளைகளை. பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை பகுதியை விசாரிக்கும் வழக்கத்தை நம்மவர்கள் விமானத்தில் ஏற்றி வந்துவிட்டார்கள். விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய ஊர்ச்சனத்தை ஏற்றி வர இடம் இருக்கவில்லை. அந்தக் குறையை அவள் தீர்த்து வைக்கிறாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வாங்கும் காரின் பழைய சொந்தக்காரரை நாலு கேள்வி கேட்பவன், பேத்தியைக் கொடுக்கும் வீட்டை நாற்பது கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

குஞ்சித்தம்பி அவளுடைய உதவியாளர். அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிள்ளைகளின் கூச்சலில் பேச இடம் கிடைக்காமல் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் இப்போது செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

"பேர்?" என்று கேட்டாள் கோபிகா.

"ஜூலி."

"மாப்பிள்ளை?"

"இயன் மக்ரே. ஸ்கொட்டிஷ். ஐ மீன், அவையின்ர ஆக்கள் இஞ்ச வந்து நூற்றெழுபது வருசம்."

"அப்ப எங்களைவிடக் கொஞ்சம் முன்னம் வந்தவை," என்றார் குஞ்சித்தம்பி. "விசா லேசாக் கிடைச்சிருக்கும்."

உறையில் அனுப்பியவர் விலாசம் இல்லை; அதற்குரிய இடத்தில் சிவப்புப் பென்சில் கோடு ஒன்று மட்டும் இருந்தது. கோபிகா கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். நல்ல தமிழ்க் கையெழுத்து, வரிக்கு வரி ஒரே இடைவெளி.

'கனம் பொருந்திய இளைப்பாறிய உப தபாலதிபர், உயர்திரு பஸ்தியாம்பிள்ளை யேசுரட்ணம் அவர்களுக்கு. நலம். நலமறிய ஆவல். விடயம்: மக்ரே குடும்பத்தின் ஒழுக்கம். தங்கள் பேத்தியை மணக்கவிருக்கும் இயன் என்பவருடைய பூட்டனின் தாத்தா ஹெக்டர் மக்ரே, மார்கிரட் மன்றோ என்ற பெண்ணுடன் ஒரே கல்லறையில் கிடக்கிறார். அப்பெண்ணின் பெயர் மக்ரே அல்ல என்பதைக் கவனிக்கவும். ஆதாரம் கீழே. இப்படிப்பட்ட குடும்பத்தில் தங்களைப் போன்ற மானமுள்ள குடும்பம் சம்பந்தம் செய்யலாகாது. தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும். இங்ஙனம், உண்மை விளம்பி.'

கீழே தேவாலயத்து அடக்கப் பதிவேட்டின் இரண்டு வரிகள் பென்சிலால் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. இலக்கம், பெயர், இறந்த ஆண்டு என்று மூன்று கட்டங்கள். ஹெக்டர் மக்ரே, 1891. மார்கிரட் மன்றோ, 1899. நாலாவது கட்டத்துக்குத் தலைப்பு இல்லை. இரண்டு பெயர்களுக்கும் நேராக 'ஓ.டபிள்யூ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன.

"தங்கச்சி, இது என்ன மொட்டைக் கடிதம்?" என்றார் குஞ்சித்தம்பி. "ஊரில எனக்கு ஒண்டு வந்தது. அது 'டேய்' எண்டு துவங்கினது. இவர் மன்னிப்பெல்லோ கேக்கிறார்!"

"உங்களுக்கு ஏன் வந்தது?"

"தனக்கு வந்த மொட்டைக் கடிதத்தை நான்தான் எழுதினதெண்டு நினைச்சு ஒருத்தன் எழுதினவன்."

"நீங்களோ எழுதினது?"

"அது வேற கதை."

ஜூலி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமை இது தபாலில வந்தது. அப்பப்பா வாசிச்சுப்போட்டு எல்லாரையும் கூட்டி, எழும்பி நிண்டு திரும்ப வாசிச்சவர். சனிக்கிழமைக்குள்ள இது பொய்யெண்டு காட்டாட்டி சம்பந்தம் இல்லையாம். அப்பா வாயே திறக்கேல்லை. எங்கட வீட்டில அப்பப்பா கதைச்சு முடிஞ்சா மிச்சம் ஆமென் மட்டும்தான்."

"இயன் என்ன சொன்னார்?"

"முதல் சிரிச்சான். நான் சிரிக்கேல்லை எண்டு கண்டோடனை நிப்பாட்டிப்போட்டான்."

"அப்பப்பாவை மீறிக் கட்டலாம்தானே, பிள்ளை? இது கனடா."

"கட்டலாம், அங்கிள். அவர் வரமாட்டார்." ஜூலி உறையின் ஓரத்தைத் தடவினாள். "அம்மாவும் அப்பாவும் ரெண்டு ரெண்டு வேலை செய்தவை. என்னை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனது, சோறு தீத்தினது, பேரன்ற் ரீச்சர் மீற்றிங்குக்கு ரை கட்டிக்கொண்டு வந்தது எல்லாம் அவர்தான். அவர் இல்லாம நான் மோதிரம் மாத்தமாட்டன். லிட்டரலி மாத்தமாட்டன்."

கோபிகா பிரதியைச் சுட்டினாள். "இந்தப் புத்தகம் எங்க கிடக்கு?"

"கில்மோரி எண்டு ஒரு நாட்டுப்புறம். மார்க்கம் தாண்டி ஒரு மணித்தியாலம். இயனின்ர பெரிய அன்ரி புளோராதான் அந்தக் கோயில் புத்தகங்களைப் பாக்கிறா. இன்ரநெற்றில போட விடமாட்டா."

"அப்ப எழுதினவர் நேரில போயிருக்கிறார். அதுதான் எங்கட துப்பு." கோபிகா எழுந்து கார்ச்சாவியைக் குஞ்சித்தம்பியிடம் எறிந்தாள். "முதல் உங்கட அப்பப்பாவைப் பாப்பம்."

*

யேசுரட்ணம் தன் வீட்டு முன்னறையில் ரை கட்டி இருந்தார். வெளியே போகும் நோக்கம் எதுவும் அவருக்கு அன்று இல்லை. எழுபத்தெட்டு வயதிலும் முதுகு கதவு நிலையைப் போல நேராக இருந்தது. கோபிகா உள்ளே வந்ததும் எழுந்தார். அவள் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார்.

"கடிதம் எழுதினவர் ஆரெண்டு தேடத் தேவையில்லை, பிள்ளை. எழுதின விஷயம் சரியோ பிழையோ எண்டு பாரும். அது காணும்."

"உங்களுக்குக் கோபம் வரேல்லையோ, ஐயா?"

"எழுத்துப்பிழை ஒண்டும் இல்லையே. அப்பிடியானவர் ஆதாரம் இல்லாமல் எழுதமாட்டார்."

குஞ்சித்தம்பி சுவரில் தொங்கிய பெரிய படத்தின் முன் நின்றார். மீசையும் சால்வையுமாக ஒரு மனிதர், படம் எடுத்தவனை அடிக்கப்போகிறவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் ஆர், ஐயா?"

"என்ர பாட்டன். சவிரிமுத்து மூப்பர். தீவுப்பகுதியில எங்கட அந்தோனியார் கோயிலுக்கு மூப்பராய் இருந்தவர். பீடத்துக்குக் கிட்டக் கிடக்கிறார். இந்த ரொறன்ரோவில எல்லாருக்கும் தெரியும்."

"கல்லறையின்ர படம் இருக்கோ?"

"தேவையில்லை," என்றார் யேசுரட்ணம். அதோடு விசாரணை முடிந்தது என்பதைக் காட்ட மறுபடியும் எழுந்தார்.

வெளியே வந்ததும் குஞ்சித்தம்பி பெருமூச்சு விட்டார். "இந்த மனுசன் நித்திரை கொள்ளேக்கையும் அற்றென்சனிலதான் கிடப்பார் போல."

"அண்ணை, தனக்கு வந்த மொட்டைக் கடிதத்தைப் புகழுற ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டனான்."

"ஐயாவின்ர மனசில திருமதி உண்மை விளம்பி எண்டு ஆராவது இருப்பாவோ?"

"காரை எடுங்கோ."

*

மார்க்கத்தின் பெரிய வீடுகள் முடிந்த இடத்தில் சோள வயல்கள் தொடங்கின. குஞ்சித்தம்பி ஓட்டினால் ஒரு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். தண்டவாளத்தைக் கண்டால் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். பள்ளிக்கூட பஸ் விட்டுப்போனாலும் பழக்கம் விடவில்லை.

"அண்ணை, இந்தப் பாதையில ரயில் ஓடி முப்பது வருசம்."

"அப்ப இனி எந்த நிமிசமும் வரலாம்."

கில்மோரித் தேவாலயம் மார்க்கத்து வீட்டுக் கார்க்கொட்டில் ஒன்றின் அளவுதான் இருந்தது. அதைச் சுற்றிப் பழைய கல்லறைகள். கல்லறைகளைச் சுற்றி இடுப்பளவு உயரக் கல் மதில். குஞ்சித்தம்பி மதிலோரமாக நடந்து போய் நின்றார்.

"தங்கச்சி, உதைப் பாருங்கோ. மதில் கட்டினவன் தண்ணி போட்டிருப்பான். நேர வருது, இதில வயிறு வைக்குது, பிறகு நேர போகுது."

உண்மைதான். வடக்குப் பக்கத்தில் மதில் திடீரென்று வெளியே வளைந்து, ஒரே ஒரு கல்லறையைச் சுற்றி வந்து, மறுபடி தன் வழிக்குத் திரும்பியது. கோபிகா குனிந்து கல்லை வாசித்தாள். ஹெக்டர் மக்ரே. கீழே, மார்கிரட் மன்றோ.

"பக்கத்தில ஆருமில்லை," என்றாள். "மற்றச் சனமெல்லாம் அங்கால வரிசையாக் கிடக்குது. இவை ரெண்டு பேரும் தனிக்குடித்தனம்."

"கல்லறை பார்க்க வந்தீர்களா, மதிலை அளக்க வந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது.

மழைச் சப்பாத்தும் முத்துமாலையும் அணிந்த மூதாட்டி ஒருவர் தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுப் படியில் நின்றார். எண்பத்தொரு வயது. நிமிர்ந்த முதுகைப் பார்த்ததும் கோபிகாவுக்கு யேசுரட்ணத்தின் முன்னறை நினைவுக்கு வந்தது. அவர்தான் புளோரா மக்ரே.

அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றதும் புளோரா அவர்களைக் குசினிக்கு அழைத்துப்போய் பெரிய பிறீசரைத் திறந்தார். பச்சைப் பட்டாணிப் பைகள் இரண்டை எடுத்துவிட்டு, அவற்றின் அடியிலிருந்து பிளாஸ்ரிக்கில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கினார்.

"குளிரில் பூச்சி அரிக்காது. திறப்பதற்கு முன் குளிர் விட வேண்டும். அரை மணி நேரம். அதுவரை தேநீர்."

குஞ்சித்தம்பி தமிழில் முணுமுணுத்தார். "எங்கட வீட்டுப் பிறீசருக்குள்ள விளைமீன் கிடக்கு. இஞ்ச பூட்டன் கிடக்கிறார்."

தேநீர் வந்தது. வெண்ணெய் பிஸ்கற் வந்தது. கோபிகா சுற்றி வளைக்கவில்லை. "அம்மையாரே, மார்கிரட் மன்றோ ஹெக்டருக்கு என்ன முறை?"

"மனைவி. பதினொரு பிள்ளைகளின் தாய்."

"அப்படியானால் மக்ரே என்று ஏன் எழுதவில்லை?"

புளோரா கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் அடுத்த அறை வரை கேட்டிருக்கும். "அவர் மன்றோவாகப் பிறந்தார், மன்றோவாகப் புதைக்கப்பட்டார். நாங்கள் ஸ்கொட்லாந்துக்காரர். பெண்ணைக் கட்டுவோம், பெயரைப் பிடுங்கமாட்டோம். ஏட்டிலும் கல்லிலும் மனைவிக்குத் தகப்பன் வீட்டுப் பெயர்தான். இந்த ஊரில் ஒரு காலத்தில் பதினேழு மார்கிரட் மக்ரே இருந்தார்கள். பிறந்த பெயரை எழுதாவிட்டால் எங்கள் மார்கிரட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?"

திருமணப் பதிவேடு எங்கே என்று கோபிகா கேட்பதற்கு முன்பே புளோரா பட்டாணிகளுக்குள் மறுபடி கை விட்டார். 1853ஆம் ஆண்டு, அதே ஹெக்டர், அதே மார்கிரட், இரண்டு சாட்சிகள், ஒரு பாதிரியார். சுத்தமான கலியாணம்.

"பாதி வழக்கு முடிஞ்சுது," என்றார் குஞ்சித்தம்பி. மூன்றாவது பிஸ்கற்றை எடுத்துக்கொண்டார்.

"அண்மையில் வேறு யாராவது இந்தப் பக்கத்தைப் பார்த்தார்களா?"

"பார்ப்பவர்களின் பெயரை நான் சொல்வதில்லை. பாதிரியார் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்வாரா?"

"பெயர் வேண்டாம். எப்படிப் பிரதி எடுத்தார் என்று சொன்னால் போதும்."

புளோராவின் முகம் சற்று மலர்ந்தது. "படம் எடுக்க நான் விடுவதில்லை. பென்சில் மட்டும். பொதுவாக வருகிறவர்கள் ஒரு வரி கிறுக்குவார்கள், பிஸ்கற் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். போன வாரம் ஒரு கனவான் வந்தார். சொந்த அடிமட்டம் கொண்டு வந்திருந்தார். முதலில் கட்டம் கீறினார். கட்டம் சரியா என்று அளந்தார். பிறகுதான் எழுதத் தொடங்கினார். நான் அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். நம்ப முடியாமல் நாலு தரம் வெளியே போய் உள்ளே வந்து பார்த்தேன். நாலு தரமும் எழுந்தார்."

குஞ்சித்தம்பி மெல்லுவதை நிறுத்தினார். கோபிகா கடிதத்தின் அடிப்பகுதியை எடுத்துக் காட்டினாள்.

"இந்த நாலாவது கட்டம். ஓ.டபிள்யூ. இது என்ன?"

"அவுட்சைட் வோல். மதிலுக்கு வெளியே," என்றார் புளோரா. அதைச் சொன்னபோது கழுத்தை இன்னும் நிமிர்த்தினார். "1884ஆம் ஆண்டு புதிதாக வந்த பாதிரியார் தேவாலயத்துக்குள் ஓர்கன் பெட்டி வாங்கி வைத்தார். ஆண்டவரைப் பாட மனிதக் குரல் போதும் என்றார் என் பூட்டன் ஹெக்டர். பாதிரியார் கேட்கவில்லை. ஹெக்டர் எழுந்து வெளியே போனார். ஏழு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதிலுக்கு வெளியே கதிரை போட்டு, யன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்டார். ஓர்கன் வாசிக்கத் தொடங்கினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். செத்த பிறகும் அந்த ஓர்கனோடு ஒரே மதிலுக்குள் கிடக்கமாட்டேன் என்று எழுதி வைத்தார். மார்கிரட்டும் அவர் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டார்."

"இப்போது மதிலுக்கு உள்ளேதானே கிடக்கிறார்கள்?"

"1922இல் மதிலைத் திருப்பிக் கட்டினார்கள். கல்லறையை உள்ளே நகர்த்தலாமா என்று எங்கள் வீட்டைக் கேட்டார்கள். முடியாது என்றோம். மதில்தான் வளைந்தது. ஹெக்டர் வளையவில்லை."

"இதை அந்தக் கனவானுக்குச் சொன்னீர்களா?"

"அவர் கேட்கவில்லை. விளங்காததைக் கேட்கிற மனிதராகத் தெரியவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டில் சம்பந்தம் செய்வதற்கு முன் மற்றக் குடும்பத்தின் பதிவேடுகளையும் பார்ப்பீர்களா என்றார். பார்க்காமல் எப்படி என்றேன். இயனிடம் ஊர்ப் பெயரும் மூப்பரின் பெயரும் கேட்டு, அந்தக் கோயிலுக்கு எப்போதோ எழுதிவிட்டேன் என்றேன். பென்சிலைக் கீழே வைத்தார். தேநீரை முடிக்கவில்லை."

பிறகு புளோரா பிறீசருக்கு மேல் இருந்த ஒரு தாளை எடுத்துக் கோபிகாவிடம் கொடுத்து, இரண்டு வசனம் சொன்னார். அந்தத் தாளையும் அந்த இரண்டு வசனத்தையும் சேர்த்துப் பார்த்த குஞ்சித்தம்பி, மார்க்கம் வரும்வரை எந்தத் தண்டவாளத்திலும் காரை நிறுத்தவில்லை.

*

பின்னேரம் நாலு மணி. யேசுரட்ணத்தின் முன்னறையில் ஜூலி கதிரையின் விளிம்பில் இருந்தாள். யேசுரட்ணம் எழுந்து நின்று, கோபிகா உட்கார்ந்ததும் தானும் உட்கார்ந்தார்.

"மார்கிரட் மன்றோ முறைப்படி கட்டின பெண்சாதி, ஐயா. இந்தா, 1853ஆம் ஆண்டுப் பதிவு."

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப ஏன் பேர் வேற?"

"அவையின்ர வழக்கம். கல்லில பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பேர்தான்."

"புருசனுக்கு ஒரு பேர், பெண்சாதிக்கு ஒரு பேர். உதென்ன வழக்கம்?"

"அப்பப்பா!" என்றாள் ஜூலி. "பியர்சன் எயாப்போட் கதையை நீங்கதானே ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்லுறனீங்க?"

அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 1988இல் வந்து இறங்கியபோது அவருடைய தாள்களில் யேசுரட்ணம் பஸ்தியாம்பிள்ளை. மனைவியின் தாள்களில் பிலோமினா யேசுரட்ணம். அவருக்குத் தகப்பன் பெயர் கடைசியில், மனைவிக்குப் புருசன் பெயர் கடைசியில். நம் முறை அதுதான். குடிவரவு அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் வேறு, ஆகவே நீங்கள் கலியாணம் கட்டியவர்கள் அல்ல என்று சொல்லிவிட்டான். யேசுரட்ணம் இரண்டு மணி நேரம் நின்றபடியே வாதாடினார். அந்த அதிகாரியை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

"அந்த ஒபிசர் உங்களுக்குச் செய்ததைத்தான்," என்றாள் கோபிகா, "இந்தக் கடிதக்காரர் மார்கிரட்டுக்குச் செய்திருக்கிறார்."

யேசுரட்ணம் தாளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். "அவர் கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்," என்று ஒப்புக்கொண்டார்.

"அவர் ஆரெண்டும் தெரியும், ஐயா."

"அது தேவையில்லையெண்டு காலமையே சொன்னனான்."

"உறையில அனுப்பினவர் விலாசத்துக்குச் சிவப்புப் பென்சிலால ஒரு கோடு கீறியிருக்கு. கோட்டில ஒண்டும் எழுதேல்லை. மொட்டைக் கடிதம் எழுதிறவனுக்குக் கோடு என்னத்துக்கு? ஆனால் இருபது வருசம் தபாற்கந்தோரில இருந்தவருக்கு, அந்தக் கோடு இல்லாட்டி அது உறையே இல்லை. உங்கட பதவியை ஒரு சொல் விடாமல் முழுக்க எழுதக்கூடிய ஆள் இந்த நகரத்தில எத்தினை பேர்? விளங்காத கட்டத்தையும் விடாமல் அளந்து கீறிக் கொப்பி பண்ணக்கூடிய ஆள் எத்தினை பேர்? புளோரா அம்மா உள்ளுக்கு வரேக்கையெல்லாம்..."

"முத்திரை நேராத்தானே ஒட்டியிருந்தது?" என்றார் யேசுரட்ணம் மெல்லிய குரலில்.

"நேரா, ஐயா. மயிரிழை பிசகேல்லை."

"அப்பப்பா? நீங்களோ?" ஜூலி எழுந்துவிட்டாள். "உங்களுக்கு நீங்களே எழுதினீங்களோ? ஏன்?"

அதைச் சொல்லும்போதும் அவர் முதுகு வளையவில்லை.

"சவிரிமுத்து மூப்பர் பீடத்துக்குக் கிட்ட இல்லை, பிள்ளை. அடக்கம் பண்ணுற சேமக்காலைக்குள்ளயும் இல்லை. பெருநாளுக்கு அந்தோனியார் சொரூபத்தைத் தூக்கிற காவுதடியில முன் வலப்பக்கம் எங்கட வீட்டுக்கு உரியது. புதுசா வந்த பங்குச் சுவாமியார் அதை வேற வீட்டுக்குக் குடுத்திட்டார். பாட்டன் வாய் காட்டேல்லை. தடியைத் தோளில வைச்சார், வீட்டை கொண்டு போயிட்டார்."

"தடி இல்லாமல் அந்தோனியார் என்ன செய்தவர், ஐயா?" என்று கேட்டார் குஞ்சித்தம்பி. அடக்க முடியவில்லை.

"மாட்டு வண்டிலில போனவர்."

குஞ்சித்தம்பிக்கு இருமல் வந்தது.

"இரும வேண்டாம். மூண்டு மாதத்தில பாட்டன் கண்ணை மூடினார். மன்னிப்புக் கேக்கேல்லை. சுவாமியார் சேமக்காலைக் கதவைத் திறக்கேல்லை. மதிலுக்கு வெளியில பூவரசுக்குக் கீழ தாட்டவை. புத்தகத்திலயும் அப்பிடியே எழுதிக் கிடக்கு. அந்த மனுசி அங்க எழுதிக் கேட்டிட்டுது. மறுமொழி வந்தால் அவை எங்களைத் தள்ளுவினம். என்ர பிள்ளையைத் தள்ளுவினம்." அவர் ஜூலியைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். "அவை தள்ள முதல் நான் தள்ளினதாய் இருக்கட்டும் எண்டு நினைச்சன். நீ தலை நிமிர்ந்து நடப்பாய்."

அது தவறான யோசனைதான். அதை யோசித்த மனம் தவறான மனமல்ல.

"எனக்குத் தலை நிமிர வேண்டாம்," என்றாள் ஜூலி. "நீங்க பக்கத்தில நிண்டாக் காணும்."

கோபிகா தொண்டையைச் செருமினாள். "மறுமொழி வந்திட்டுது, ஐயா."

"என்ன?"

"மூண்டு கிழமைக்கு முதல். இந்தா தாள். தடி, வண்டில், பூவரசு எல்லாம் இதில இருக்கு. நீங்கள் அங்க இருந்து தேத்தண்ணி குடிக்கேக்கை இது பிறீசருக்கு மேலதான் கிடந்தது."

யேசுரட்ணம் தாளைத் தொடவில்லை. "தெரிஞ்சுகொண்டோ எனக்கு பிஸ்கற் தந்தவ?"

"ஓம். நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவவாம். இந்தத் தாளை வாசிச்ச அண்டே இயனுக்குச் சொல்லிப்போட்டாவாம், கட்டினால் இந்த வீட்டிலதான் கட்டோணும் எண்டு. ஏனெண்டால், நீங்கள் கொப்பி பண்ணின நாலாவது கட்டம் இருக்கெல்லோ?"

கோபிகா ஓர்கனையும், கதிரையையும், ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளையும், வளைந்த மதிலையும் சொன்னாள். யேசுரட்ணம் அசையாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மதிலையோ வளைச்சவை?"

"மதிலைத்தான், ஐயா. முப்பத்தொரு வருசம் கழிச்சு."

அவர் எழுந்து ரையைச் சரி செய்தார். "அந்த அம்மாவின்ர நம்பரைத் தாரும்."

ஜூலி தன் போனில் எடுத்துக் கொடுத்தாள். யேசுரட்ணம் நின்றபடியே பேசினார். முதலில் தன் முழுப் பெயரையும் பதவியையும் ஆங்கிலத்தில் சொன்னார். மார்கிரட் மன்றோ அம்மையாரைப் பற்றித் தவறான கடிதம் ஒன்று எழுதிவிட்டதாகவும், அதற்கு வருந்துவதாகவும், தன் பாட்டன் மதிலுக்கு வெளியே கிடப்பது உண்மை என்றும் சொன்னார். ஹெக்டரின் பிடிவாதத்துக்கு மூப்பரின் பிடிவாதம் ஈடாகாது என்றார் மறுமுனையில் புளோரா. யேசுரட்ணத்தின் புருவம் உயர்ந்தது.

"இல்லை, அம்மையாரே. அதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஹெக்டர் தன் சொந்தக் கதிரையோடுதான் வெளியே போனார். எங்கள் பாட்டன் கோயில் தடியோடு வெளியே போனார்."

போனுக்குள்ளிருந்து "ஏழு வருஷம்!" என்று புளோரா கத்தியது குஞ்சித்தம்பிக்கே கேட்டது.

"ஏழாக இருக்கட்டும். உங்கள் மதில் முப்பத்தொரு வருடத்தில் வளைந்துவிட்டது. எங்கள் மதில் இன்றுவரை வளையவில்லை. வளையாத மதிலுக்கு வெளியே தொண்ணூறு வருடமாகக் கிடப்பது இலேசான காரியமா?"

மறுமுனை சூடாகியது. யேசுரட்ணம் அதைவிடச் சூடானார். கன்னத்தில் இரத்தம் ஏறி, அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. ஜூலி அவர் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள்.

"அப்பப்பா... அப்ப சனிக்கிழமை?"

அவர் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

"நடக்கும். பதினொரு மணிக்கு. பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்க வராதை."